குழலின் மிடறு: முத்துக்குளித்துறையும் துப்பாக்கிக் குண்டும்

பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள நூல்களில் வீரம் உண்டு, காட்டிக்கொடுத்தல் உண்டு, கயத்தாற்றுப் புளியமரம் உண்டு. துப்பாக்கி மட்டும் பெரும்பாலும் வெறும் பெயர்ச்சொல்லாக வந்து போய்விடுகிறது. வெள்ளையரிடம் துப்பாக்கி இருந்தது, நம்மவரிடம் வேலும் வாளும் இருந்தன என்று சொல்லிக் கதையை நகர்த்திவிடுகிறோம். பாளையத்தாரிடமும் துப்பாக்கிகள் இருந்தன. அப்படியானால் அவை எத்தகையவை, அவற்றில் எந்தக் குண்டு பொருந்தியது, பொருந்தாதபோது என்ன நேர்ந்தது என்ற வினாக்கள் எழவேண்டும். அவை எழுவதில்லை. குண்டும் குழலும் ஒன்றுக்கொன்று பொருந்துவது என்னும் சிறு செய்தி, பார்ப்பதற்குக் கம்மியர் பட்டறைச் சங்கதி. ஆனால் கடந்த முந்நூறு ஆண்டு வரலாற்றில் அது பல முறை கோட்டைகளின் கதியையும் அரசுகளின் கதியையும் தொட்டிருக்கிறது. அவற்றுள் சில தருணங்கள் நம் தென்கடற்கரையோடு உறவுடையவை.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது தருவைகுளம். மழைநீர் தேங்கி நிற்கும் தாழ்ந்த நீர்ப்பரப்பைத் தென்பாண்டி நாட்டார் 'தருவை' என்பர். இன்று மீன்பிடித் தொழிலால் அறியப்படும் இவ்வூர் ஒட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்தது. பாஞ்சாலங்குறிச்சியும் அதே வட்டம்தான். பாளையத்தின் கரிசல்காடும் முத்துக்குளித்துறையின் மணற்கரையும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம் இது. தூத்துக்குடித் துறையை ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். இடையில் சில முறை ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1825இல் முடிவாக ஆங்கிலேயருக்குச் சென்றது. மூன்று ஐரோப்பிய நாட்டாரின் கப்பல்கள் வந்து நின்ற துறை என்றால், மூன்று நாட்டாரின் படைக்கலங்களையும் கண்ட கரை என்பது தானே விளங்கும்.

உருண்டையான ஒரு பொருளைத் துளையோடு பொருத்திப் பார்க்கும் கலை இக்கரைக்குப் புதிதன்று. முத்துக்களைத் தரம் பிரிக்க, துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் பத்தினை இங்குள்ளோர் பயன்படுத்தினர். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்பன அவற்றின் எண்கள். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும், முத்தும் சிறுக்கும். இருபதாம் சல்லடையில் நிற்கும் முத்து பெருமுத்து. ஆயிரத்திலும் தங்காமல் விழுவது தூள். இனித் துப்பாக்கியைப் பாருங்கள். பழைய ஐரோப்பிய முறையில் குழலின் அளவு, அதில் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகும் என்பதைக் கொண்டு சொல்லப்பட்டது. 'பன்னிரண்டு போர்' வேட்டைத் துப்பாக்கி என்று இன்றும் வழங்குவது இக்கணக்குத்தான். இங்கும் எண் ஏறினால் குண்டு சிறுக்கும். முத்துச் செட்டிகளும் துப்பாக்கிக் கம்மியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வகை அளவையை மேற்கொண்டிருந்தனர் என்பது நம்மை வியக்கவைக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் துப்பாக்கிக் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டை வாய்வழியே இட்டு, கோலால் இடித்து இறக்கவேண்டும். ஆங்கிலக் கும்பினியின் துப்பாக்கிக் குழல் முக்கால் அங்குல விட்டமுடையது. அதற்குரிய குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டே வார்த்தனர். காரணம் எளிது. நாலைந்து முறை சுட்டதும் கருமருந்தின் கரி குழலுக்குள் படியும். இறுக்கமான குண்டானால் இறங்காது. தளர்ந்த குண்டு விரைவாக இறங்கும். ஆனால் வெளியேறும்போது குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதி, கடைசியாக எந்தப் பக்கம் மோதிற்றோ அதற்கேற்பத் திசை மாறிச் செல்லும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைப்பது வீண்வேலை. எனவேதான் வரிசையாக நிறுத்தி, ஒரே நேரத்தில் அனைவரையும் சுடச்செய்தனர். அந்தப் பழக்கத்தின் வேர் இந்த ஒன்றரை மில்லிமீட்டரில் இருக்கிறது.

பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிக் குழலோ 0.69 அங்குலம். ஆங்கிலேயக் குண்டின் அளவும் அதுவே. ஆகவே கரி படிந்த பிரெஞ்சுக் குழலில் அது இறங்காது. பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலக் குழலில் இறங்கும், ஆனால் உள்ளே கலகலக்கும். பல வழிகளில் வந்துசேர்ந்த துப்பாக்கிகளை வைத்திருப்பவனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அச்சு வேண்டும். கும்பினியின் வலிமை அதன் துப்பாக்கி சிறந்தது என்பதில் இல்லை. ஒரு சிப்பாயின் குண்டு அடுத்த சிப்பாயின் துப்பாக்கியிலும் பொருந்தும் என்பதில் இருந்தது. 39 அங்குலக் குழலுடன் 'இந்திய வகை' எனக் கும்பினி செய்வித்த துப்பாக்கியை 1790களில் பிரிட்டிஷ் அரசின் படையே ஏற்றுக்கொண்டது.

இந்தப் பின்னணியில் 1801ஐ மறுபடியும் படித்துப் பார்க்கலாம். 1799 செப்டம்பரில் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி தொடக்கத்தில் ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினர். தூத்துக்குடியும் சில காலம் அவர்கள் வசமாயிற்று. மார்ச் 31 அன்று மெக்காலே தலைமையில் ஆங்கிலப் படை தாக்கித் தோற்றது. அப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கோட்டை முழுவதும் மண்ணாலானது. நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி, மதிலின் உயரம் சுமார் 12 அடி. பீரங்கியால் மதிலில் பிளவு ஏற்படுத்தியும், அதன்மேல் ஏறியவர்களை உள்ளிருந்தோர் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினர்.

ஈட்டி துப்பாக்கியை வென்றது என்பதை வீரத்தின் சான்றாக நாம் பாடுகிறோம். அது பொய்யன்று. ஆயினும் அதனுள் ஒரு கணக்கும் உண்டு. தளர்ந்த குண்டால் தொலைவில் பயன் குறைவு. ஆகவே படை நெருங்கி வந்தே ஆகவேண்டும். நெருங்கி ஒருமுறை சுட்டபின் மறுபடி மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க நேரம் வேண்டும். குறுகிய பிளவில் அந்த நேரம் கிடைக்காது. அங்கே நீண்ட ஈட்டியே மேலான கருவி. ஊமைத்துரையின் வீரர்கள் தம் எதிரியின் கருவிக்கு எங்கே வலு இல்லை என்பதை அறிந்து அந்த இடத்தில் நின்று போரிட்டார்கள். அறியாமையால் ஈட்டி ஏந்தினார்கள் என்பது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. கனத்த பீரங்கிகளும் புதிய படைகளும் வந்துசேர்ந்த பின்னரே, அக்னியூ தலைமையில், மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

குண்டுக்கும் குழலுக்கும் உள்ள உறவை முதன்முதலில் கணிதமாக ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742இல் பீரங்கிக்கலையைப் பற்றி அவர் எழுதிய நூலை ஆய்லர் என்னும் பெருங்கணிதர் ஜெர்மனில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். தொங்கும் மரப்பலகையில் குண்டைச் செலுத்தி, பலகை ஆடும் அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். 1747இல் லண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், உட்புறம் திருகுவரி வெட்டிய குழலின் இயல்பை முற்ற அறிந்து தன் படைக்கு வழங்கும் நாடு பிறரை விஞ்சும் என்று முன்னுரைத்தார். அந்த ராபின்ஸ் கும்பினியின் தலைமைப் பொறியாளராக 1750இல் சோழமண்டலக் கரைக்கு வந்தார். 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் முன்னுரைத்தது நிறைவேற நூறாண்டுகள் ஆயின.

திருகுவரிக் குழலில் சிக்கல் ஒன்று இருந்தது. குண்டு வரிகளைப் பற்றினால்தான் சுழலும். சுழன்றால்தான் நேராகச் செல்லும். ஆனால் வரிகளைப் பற்றுமளவு இறுக்கமான குண்டை வாய்வழியே இறக்குவது பெரும்பாடு. சுத்தியலால் தட்டி இறக்கியவர்களும் உண்டு. இறங்கும்போது தளர்வாகவும் வெளியேறும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு வேண்டும். இந்தப் புதிருக்கான விடையின் ஒரு நுனி தென்னிந்தியாவில் கிடைத்தது என்று துப்பாக்கி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிரிட்டிஷ் 34ஆம் படைப்பிரிவின் கேப்டன் ஜான் நார்ட்டன் தென்னிந்தியாவில் பணியாற்றியபோது, இங்குள்ளோர் ஊதுகுழலில் பயன்படுத்திய அம்பைக் கண்டார். அதன் அடிப்பகுதி தாமரைத் தண்டின் சோற்றியால் ஆனது. ஊதும்போது அந்தச் சோற்றி விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, காற்று கசியாமல் தடுத்தது. இதைக் கண்டு, அடிப்பகுதி குடைவான ஈயக் குண்டை அவர் வடிவமைத்தார். வெடியின் அழுத்தத்தில் அந்தக் குடைவு விரிந்து வரிகளைப் பற்றும். பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே அதே கருத்தில் செய்த குண்டு உலகெங்கும் பரவியது, பெயரும் அவருடையதாயிற்று.

அந்த ஊதுகுழலுக்குத் தமிழில் ஒரு பெயருண்டு: சுங்குத்தான். பழைய அகராதிகளில் அது பதிவாகியிருக்கிறது. மலாய் மொழியில் 'சும்பித்தான்' என்பர். கடல்வழி வந்த சொல்லா, சென்ற சொல்லா என்பதை மொழிநூலார் ஆராயட்டும். பறவை வேட்டைக்கு மூச்சால் ஊதிய ஒரு குழலில், குண்டு–குழல் பொருத்தத்தின் அடிப்படை விதி அடங்கியிருந்தது என்பதே நாம் கருதத்தக்கது. அதைச் செய்த கைகளின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

மினியே குண்டின் வழியில் வந்தது 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த நூலிழை இடைவெளியில் குண்டு வழுக்கி இறங்கவேண்டும் என்பதற்காகத்தான் காகிதத் தோட்டாவுக்குக் கொழுப்புப் பூசினர். 1857இல் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற ஐயம் ஒரு பேரரசை உலுக்கியது. எழுச்சியின் காரணங்கள் பல. நிலம், வரி, அவமதிப்பு எல்லாம் அதில் உண்டு. தீக்குச்சியாக அமைந்ததோ குழலுக்கும் குண்டுக்கும் இடையில் பூசப்பட்ட வழுக்குப்பொருள். இந்திய வெப்பத்தில் அப்பூச்சு உருகி, கரி படிந்த குழலில் குண்டு சிக்குவதும் நேர்ந்தது. பின்னர்க் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்து, தேன்மெழுகைப் பூச்சாக்கினர்.

குண்டைப் பின்புறமாக இடும் துப்பாக்கிகள் வந்தபின் பொருத்தத்தின் இடம் மாறியது. உலோகத் தோட்டா உட்காரும் இடம் அறை. அறைக்கும் திருகுவரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே வரியில்லாத ஒரு குறுகிய பகுதி இருக்கும். ஆங்கிலேயர் அதைத் தொண்டை என்றே அழைக்கின்றனர். நாம் 'மிடறு' என்போம். தொண்டை என்றும், ஒரு முறை விழுங்கும் அளவு என்றும் இருபொருள் தருவதால் இச்சொல் இதற்கு மிகவும் பொருந்தும். இந்தப் பகுதி குண்டை ஒரு கணம் விழுங்கித்தான் வரிகளிடம் ஒப்படைக்கிறது.

மிடற்றின் நீளம் ஏன் முக்கியம்? ஒரே விட்டமுடைய குண்டின் எடையைக் கூட்டவேண்டுமானால் நீளத்தைத்தான் கூட்டவேண்டும். நீண்ட குண்டு தோட்டாவிலிருந்து அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும். மிடறு குறுகியதாயின், சுடுவதற்கு முன்பே குண்டு வரிகளில் அழுந்தி நிற்கும். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். மிடறு நீண்டதாகவும் குண்டு குறுகியதாகவும் இருந்தால், குண்டு வரிகளைச் சேருமுன் ஒரு வெற்றிடத்தைத் தாவவேண்டும். சூடான வாயு அதன் பக்கங்களில் கசியும். குண்டு சற்றே சாய்ந்து வரிகளுக்குள் நுழைந்தால், அந்தச் சாய்வு இலக்கு வரை தொடரும். சுடச்சுட முதலில் அரித்துத் தேய்வதும் மிடறுதான். ஆக, எல்லா எடைக்கும் ஏற்ற ஒரு மிடறு என்பது கிடையாது. எந்த எடையை முதன்மையாகக் கொள்வது என்று முடிவுசெய்து, அதற்கேற்ப மிடற்றை அமைக்கவேண்டும்.

இந்த முடிவு மாறியபோதெல்லாம் அரசுகள் பெருஞ்செலவு செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மழுங்குமுனைக் கனத்த குண்டுகள் போய்க் கூர்முனை இலேசான குண்டுகள் வந்தன. அமெரிக்கா 220 கிரெயின் குண்டுக்கென 1903இல் ஒரு துப்பாக்கியை உருவாக்கி, 1906இல் 150 கிரெயின் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. ஏற்கெனவே செய்த துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, குழலின் பின்முனையை ஐந்தில் ஓர் அங்குலம் வெட்டிக் குறைத்து, அறையையும் மிடற்றையும் புதிதாகக் கடைந்தனர். ஒரு நெல்லின் நீளம்கூட இல்லாத அந்த வெட்டு, முழுப் படைக்கலத்தையும் பட்டறைக்குத் திருப்பி அழைத்தது.

பிரிட்டிஷார் வேறு வழியில் சென்றனர். அவர்களுடைய .303 துப்பாக்கியின் குண்டு முதலில் 215 கிரெயின். 1910இல் அது 174 கிரெயின் கூர்முனைக் குண்டாயிற்று. புதிய குண்டின் முனைக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் வைத்தனர். எடை குறைந்தது, நீளம் பெரிதும் குறையவில்லை. பழைய துப்பாக்கிகளிலும் அது செல்லும்; ஆனால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2060 அடியிலிருந்து 2440 அடியாக உயர்ந்ததால், பழைய குறிகாட்டியின் கணக்கு பொய்த்துப்போகும். இந்தியப் படையிடம் பழைய குண்டே தொடர்ந்தது. 1914 செப்டம்பர் இறுதியில் லாகூர் டிவிஷன் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியபோது, வீரர்கள் தம் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டுப் புதிய குண்டுக்கு ஏற்ற துப்பாக்கிகளைப் பெற்றனர். கை பழகிய கருவியை விட்டு, பழகாத கருவியோடு, முன்பின் கண்டிராத குளிருக்குள் சென்றார்கள். அவர்களுடைய துன்பத்தின் கணக்கில் இதுவும் ஒரு வரி.

நாடு விடுதலை பெற்றபின் இக்கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1962 சீனப் போருக்குப் பிறகு, ஈசாப்பூர் தொழிற்சாலை பழைய .303 வடிவத்தையே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி, வலுவான எஃகில் செய்தது. 1966இல் திருச்சிராப்பள்ளியில் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 2021 மறுசீரமைப்புக்குப் பின் அது அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகிறது. 1980இல் நேட்டோ நாடுகள் 5.56 மில்லிமீட்டர் வகையில் 55 கிரெயின் குண்டைவிட நீண்ட 62 கிரெயின் குண்டை ஏற்றபோது, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த திருகுவரி ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்றானது. நீண்ட குண்டுக்கு விரைந்த சுழற்சி வேண்டும் என்பதை 1879இலேயே கிரீன்ஹில் என்னும் கணிதப் பேராசிரியர் சூத்திரமாக்கியிருந்தார்.

இத்தனையையும் தமிழில் எழுத முனையும்போது நமக்கு ஓர் உண்மை உறைக்கிறது. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்தது. பீரங்கி என்பது பரங்கியர் பெயராலேயே அமைந்தது. ரவை, தோட்டா, மருந்து, குதிரை என்று சில சொற்கள் உள்ளன. குழலுக்கு உட்புறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சொல் இல்லை. இது மொழியின் குறையா? நாம் அவ்வாறு கருதவில்லை. 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விடுத்த அறிவிக்கை தென்பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இல்லாத இந்தியரின் கையிலிருந்து துப்பாக்கியை நீக்கியது. கை இழந்த தொழிலின் சொற்களை நாக்கு நெடுநாள் வைத்திருக்காது. துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்பது நம் விருப்பமன்று. நிராயுதபாணியாக்கலின் விளைவு அகராதியிலும் தெரியும் என்பதே நாம் சுட்ட விரும்புவது.

மாறாக, கை விடாத தொழிலைப் பாருங்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஆயினும் ஆணி, வடிவு, குறள், கலிப்பு என முத்தின் தரப்பெயர்கள் நூல்களிலேனும் நிலைத்திருக்கின்றன. பல நூற்றாண்டுகள் அந்தச் சல்லடைகள் இங்கே ஆடிக்கொண்டிருந்ததால்தான். சங்கின் திருகலைக் குறிக்கும் 'சுரி' என்ற பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. சங்கு குளித்த கரை தந்த அச்சொல்லைத் திருகுவரிக்கு எடுத்துக்கொண்டால், 'சுரிகுழல்' என்று சொல்லலாம். அதன் தொண்டையை மிடறு என்று சொல்லலாம்.

சொல் கிடைத்தால் வரலாறும் வேறு விதமாகத் தெரியும். ந. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலையோ வெல்ஷின் குறிப்புகளையோ இனிப் படிக்கும்போது, 'துப்பாக்கி' என்று வரும் இடத்தில் சற்றே நின்று, அது எந்தக் குழல், அதில் எந்தக் குண்டு என்று கேட்டுப் பார்க்கலாம். மார்ச் 31 அன்று மண்மதிலின் பிளவில் நீண்ட ஈட்டியோடு நின்றவன் பழமையில் உறைந்தவன் அல்லன் என்பதும், எதிரே வரும் கருவியின் எல்லையைத் தன் உயிரை வைத்து அளந்தவன் என்பதும் அப்போது புலப்படும்.